கிரானைட் ஒட்டிய ஸ்டூடியோ

நான் வேலை பார்த்த கல்லூரியில் ஒலிப்பதிவு ஸ்டூடியோவின் நான்கு சுவர்களுக்கும் கிரானைட் ஒட்டியிருந்தார்கள். தரையும் கிரானைட்தான். ஒலிப்பதிவு செய்கிற அறையில் சுவர் சத்தத்தைக் குடிக்க வேண்டும், திருப்பி எறியக்கூடாது என்பது இந்தப் படிப்பின் அரிச்சுவடி. இங்கே தும்மினால், நாம் மூக்கைத் துடைத்து முடித்த பிறகும் தும்மல் அறைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். வேலைக்குச் சேர்ந்த அன்றே இதைத் தாளாளரிடம் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஏன் சார், கல்லு நல்லாயில்லையா? என் வீட்டு ஹால்ல போட்ட அதே கல்லு. பளபளன்னு இருக்குல்லா?"

பளபளவென்றுதான் இருந்தது. அதற்கு மேல் என்ன பேச?

தாளாளர் தீப்பெட்டி ஆபீஸ் குடும்பம். கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். லைட்டர் வந்து தீப்பெட்டி வியாபாரம் படுக்க ஆரம்பித்ததும், பைபாஸை ஒட்டி வாங்கிப் போட்டிருந்த கரிசல் காட்டில் கல்லூரியைக் கட்டினார். குச்சிக்கு மருந்து முக்குவதற்கும் பிள்ளைகளுக்குப் பட்டம் கொடுப்பதற்கும் அவர் பெரிய வித்தியாசம் பார்த்ததில்லை. அக்கம்பக்கத்துக் கல்லூரிகளில் இல்லாத படிப்பு ஒன்று வேண்டும் என்று யாரோ அவர் காதில் ஓதியிருக்கிறார்கள். இசைத் தொழில்நுட்பமும் ஒலிப்பதிவும் என்று மூன்று வருஷ பி.எஸ்ஸி. தொடங்கிவிட்டார். விளம்பரத் தாளில் தலையில் ஹெட்ஃபோன் மாட்டிய ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள். அவளை நம்பித்தான் பாதிப்பேர் வந்து சேர்ந்தார்கள் என்று நினைக்கிறேன். மீதிப்பேர் பி.காம். கிடைக்காமல் வந்தவர்கள்.

துறைத் தலைவர் நான். விரிவுரையாளரும் நான். கரும்பலகை துடைப்பதும் நான். சென்னையில் ஒரு டப்பிங் ஸ்டூடியோவில் உதவியாளனாக இருந்தேன். அதை மூடிவிட்டார்கள், ஊருக்கு வந்தேன், இந்த வேலை கிடைத்தது. அட்மிஷன் சமயத்தில் ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார்:

"இதைப் படிச்சா மைக்செட்டுக் கடை வைக்கலாமா சார்?"

வைக்கலாம் என்றேன்.

"அதுக்கு எதுக்கு மூணு வருசம்?" என்று சொல்லிவிட்டு அவர் மகனைப் பக்கத்து ஹாலில் கேட்டரிங்கில் சேர்த்துவிட்டுப் போனார். அன்றைக்குக் கல்லூரிக்கு வந்தவர்களிலேயே புத்திசாலி அவர்தான்.

ஸ்டூடியோவின் சாவி முதல்வர் மேஜையில் இருக்கும். புது வருஷப் பிள்ளைகளைப் பிடிக்கிற காலத்தில் மட்டும் திறப்பார்கள். பெற்றோர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு, வரிசையாக உள்ளே போய், கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு வருவார்கள். கரிசல் தூசி ஏறிவிடும் என்று மிக்ஸர், ஸ்பீக்கர், மைக் எதிலும் கம்பெனியிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்ற விடவில்லை. அந்த உறையை அவர்கள் கழற்றியது ஒரே ஒரு தடவை, ஆயுத பூஜைக்கு. நான் கொஞ்சம் தாமதமாகப் போனேன். போவதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. மிக்ஸரில் சத்தத்தை ஏற்றி இறக்குகிற தள்ளு பட்டன் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தார்கள். மூச்சுக் காற்று பட்டாலே எடுத்துக்கொள்கிற மைக்கின் வலையில், நெற்றியில் வைப்பதுபோல ஆசையாக, முதல்வரே தன் கையால் திருநீற்றைக் குழைத்துப் பட்டை போட்டிருந்தார்.

"சார், இது கெட்டுப்போகுமே," என்றேன்.

"சாமி காரியத்துல கெட்டுப்போகும்னு சொல்லாதீங்க சார்," என்றார் முதல்வர். இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர்.

சந்தனம் காய்ந்ததும் பட்டன்கள் ஒட்டிக்கொண்டன. மைக் செத்தது. மறுபடி உறையைப் போட்டு மூடினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் புதுசு.

அதற்குப் பிறகு கரும்பலகையில் மிக்ஸர் படம் வரைந்துதான் பாடம் நடத்தினேன். மைக்ரோஃபோன் வகைகளை விளக்குக, பத்து மதிப்பெண். பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதினார்கள், நான் மதிப்பெண் போட்டேன். நீச்சல் குளத்தைப் படம் போட்டுக் காட்டி நீச்சல் சான்றிதழ் கொடுக்கிற வேலை. ஒருவருக்கும் வெட்கம் இல்லை, ஏனென்றால் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. என்னிடம் சொந்தமாக ஒரு மைக்கும், உள்ளங்கை அகலத்தில் ஒரு ரெக்கார்டரும் இருந்தன. சென்னையில் வாங்கியவை. அவற்றைக் கேட்டு வாங்கி எடுத்துப் போகிற ஆள் அந்த வகுப்பிலேயே ஒருத்திதான் இருந்தாள்.

கயத்தாற்றுப் பெண். அப்பா லாரி ஓட்டுகிறவர். வகுப்பில் அவள் வாய் திறந்தால் எனக்கு வேலை வைப்பாள். ஒருநாள் நான் எதிரொலியைப் பற்றி வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்தபோது எழுந்து நின்றாள்.

"சார், புதூர் ரோட்டுல ஒரு பருத்திக் குடோன் இருக்கு. எங்கப்பா அங்கன லோடு ஏத்த வருவாவ. அதுக்குள்ள நின்னு எங்கப்பா என்னைத் திட்டுனா, திட்டு அந்த எடத்துலயே செத்துப்போகுது. வீட்ல திட்டுனா அரை மணி நேரம் கேக்கும்."

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மூன்று வருஷம் கரும்பலகையில் நான் எழுதியதை இவள் திட்டு வாங்கித் தெரிந்துவைத்திருந்தாள்.

கடைசி செமஸ்டரில், ஃபோனில் கேட்கிற கதைகளைத் தயாரிக்கும் சென்னை கம்பெனி ஒன்று ஒலிப்பதிவு உதவியாளர் வேலைக்கு ஆள் தேடியது. அவர்கள் அனுப்புகிற ஒரு சின்னக் கதையை யாரையாவது வைத்து வாசிக்கச் சொல்லி, பதிவு செய்து, வெட்டி ஒட்டி அனுப்ப வேண்டும். அவள் என்னை வாசிக்கக் கூப்பிட்டாள். இடம், அந்தப் பருத்திக் குடோன்.

கூரை வரைக்கும் பருத்திப் பொதி. நடுவில் ஒரு ஆள் நிற்கிற சந்து. சித்திரை வெயிலில் உள்ளே நின்றால் ஆள் வெந்துபோவான். மூக்குக்குள் பஞ்சு போனது, முதுகில் வேர்வை ஓடியது. அவள் ஒரு பொதியின் மேல் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு என்னை விரட்டினாள்.

"சார், வாக்கியத்தோட கடைசியை முழுங்குதீங்க. மறுபடியும்."

"சார், பக்கத்தைத் திருப்புத சத்தம் கேக்குது. மறுபடியும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யாருக்கு யார் வாத்தியார்? அவள் கொடுத்த ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டேன். என் குரல், சுற்றிலும் வேறு எதுவுமே இல்லாமல், காதுக்குள் உட்கார்ந்து பேசியது. சென்னையில் வேலை பார்த்த ஸ்டூடியோவில்கூட இப்படி நான் கேட்டதில்லை. வாயை மூடிக்கொண்டு மறுபடி வாசித்தேன். பொறாமையாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

கம்பெனிக்குப் பிடித்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு கடைசித் தேர்வு இருக்கிறது, அதில் தேறினால் வேலை என்று எழுதினார்கள். அவள் அப்பாவைப் பார்க்கக் கயத்தாறுக்கு நானும் போனேன். மனிதர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவருக்குச் சென்னை என்றால் லாரியில் டீசல் திருடுகிற ஊர்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரவிய தை மாசத்துல இருந்து கேட்டுக்கிட்டே இருக்காவ சார். எவனோ ஒரு கம்பெனிக்காரன் போன்ல கூப்பிட்டான்னு பொம்பளப்பிள்ளையை அனுப்பிட்டு நான் வண்டி ஓட்ட முடியுமா? காலேஜ் மூலமா வந்த வேலைன்னா சரி. பெரிய மொதலாளி ஒரு வார்த்தை சொல்லட்டும், எம்பொறுப்புன்னு சொல்லட்டும். நான் அனுப்புதேன்."

காலேஜ் மூலமாக. உறை கழற்றாத மிக்ஸருக்கு இந்த ஊரில் எவ்வளவு மதிப்பு. ஆனாலும் அவள் சென்னைக்குப் போவது தாளாளரின் ஒரு வார்த்தையில் வந்து நின்றுவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். "கேட்டுப் பாப்போம் சார்," என்றாள்.

கேட்டோம். தாளாளர் பதிவைக் கேட்கவில்லை. கேள்வி மட்டும் கேட்டார்.

"நம்ம ஸ்டூடியோல எடுத்ததுதானே?"

நான் ம் என்று தொண்டைக்குள் ஒரு சத்தம் கொடுத்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

அவ்வளவு போதும் அவருக்கு. மறுநாளே பைபாஸ் திருப்பத்தில் ஃபிளெக்ஸ் எழும்பியது. அடையாள அட்டையில் இருந்த அவளுடைய படத்தை இழுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள்; அதைவிடப் பெரிதாகத் தாளாளர் கும்பிட்டுக்கொண்டு நின்றார். நமது ஸ்டூடியோவில் உருவான குரல் சென்னையை வென்றது என்று எழுதியிருந்தார்கள். குரல் என்னுடையது, படம் அவளுடையது, ஸ்டூடியோ யாருக்கும் சம்பந்தமில்லாதது. அதற்குக் கீழே டீக்கடையில் நின்று ஒருவர் அதை எழுத்துக் கூட்டி வாசித்து, "நல்லா பாடும் போல, பிள்ளை," என்றார்.

பிறகு கடைசித் தேர்வு வந்தது. கதையில் நான் ஒரு இடத்தில் இரண்டு வாக்கியங்களை மாற்றி வாசித்திருக்கிறேன். அந்த இரண்டை மட்டும் சரியாகப் பதிவு செய்து, பழையதோடு ஒட்டி, மறுநாள் சாயந்திரத்துக்குள் அனுப்ப வேண்டும். ஒட்டு தெரியக்கூடாது. ஒட்டு தெரிந்தால் வேலை இல்லை. அவள் உடனே குடோன் வாட்ச்மேனுக்கு ஃபோன் போட்டாள். குடோனில் இருந்த பொதியெல்லாம் மில்லுக்குப் போய்விட்டது, வெறும் தகரக் கொட்டகைதான் நிற்கிறது என்றார். அது போதாதென்று விஷயம் தாளாளர் காதுக்கும் போய்விட்டது.

"நம்ம ஸ்டூடியோல எடுத்ததை நம்ம ஸ்டூடியோலதான் எடுக்கணும். நானும் வாரேன். பிள்ளையோட அப்பாவையும் வரச்சொல்லுங்க. அவிய முன்னாலேயே வாக்குக் குடுத்துருதேன்."

அவள் அப்பா வெள்ளை வேட்டியில், கடம்பூர் போளி வாங்கிக்கொண்டு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கிரானைட்டில் தன் நிழலைப் பார்த்துக்கொண்டே உள்ளே நுழைந்தார். தாளாளர் போளியைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொரு பிளாஸ்டிக் உறையாகத் தொட்டுக் காட்டினார். முதல்வரும் அலுவலகத்து ஆட்களும் பின்னால் நின்றார்கள். நான் என் மைக்கை ஸ்டாண்டில் மாட்டினேன்.

"நம்ம மைக்கு என்னாச்சு?" என்றார் தாளாளர்.

"சர்வீஸுக்குப் போகணும் சார்," என்றேன். முதல்வர் ஜன்னலைப் பார்த்தார்.

இரண்டு வாக்கியங்களையும் வாசித்தேன். அவள் ஹெட்ஃபோனைக் கழற்றித் தோளில் போட்டாள். கேட்காமலே எனக்குத் தெரியும், கிணற்றுக்குள் விழுந்தவன் கூப்பிடுவது மாதிரி இருந்திருக்கும். மறுபடி வாசிக்கச் சொன்னாள். தள்ளி நிற்கச் சொன்னாள், மூலையில் நிற்கச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவள் முகம் சுருங்கியது. பிறகு எழுந்து வந்தாள்.

"துணி வேணும் சார். நெறைய வேணும்."

எங்கள் கல்லூரியில் துணி என்றால் ஒன்றுதான். ஆண்டு விழா, விளையாட்டு விழா, குடிநீர்த் தொட்டி திறப்பு விழா என்று எதற்கெடுத்தாலும் தாளாளருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். முதல்வர் அறையில் இரண்டு பீரோ நிறைய அது இருந்தது. கொண்டுவரச் சொன்னதும் தாளாளருக்கு ஒரே பெருமை. மேடையிலிருந்து வெல்வெட் திரையையும் கழற்றிக்கொண்டு வந்தார்கள். ஆனால் மாட்டுவதற்கு ஒரு ஆணி கிடையாது. கிரானைட்டில் ஆணி அடிப்பதைத் தாளாளர் கண்டிப்பாகத் தடுத்துவிட்டார்.

"அப்போ எல்லாரும் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க," என்றாள் அவள். "சாரைச் சுத்தி. நெருங்கி. ஆளுக்கு நாலு நாலா மடிச்சுப் பிடிங்க."

நின்றார்கள். பி.எஸ்ஸி. இசைத் தொழில்நுட்பத்தின் மொத்த நிர்வாகமும் என்னைச் சுற்றி நின்றது. முதல்வர் ஒரு கட்டு ஜரிகையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றார். இடப்பக்கம் தாளாளர். நல்ல அகலமான உடம்பு, ஒரு பொதிக்குக் குறையாது. அந்தக் கல்லூரி ஒலிப்பதிவுக்குச் செய்த ஒரே உதவி அன்றைக்கு அவர் உடம்பு செய்ததுதான்.

அவள் அப்பாவும் வெல்வெட்டின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் யோசித்தவர் மகளிடம் கேட்டார்.

"ஏட்டி, போன தடவையும் இந்த ரூம்லதானே எடுத்தீய? அப்பவும் இப்படித்தான் எல்லாரும் துணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னீயளா?"

தாளாளர் என்னைப் பார்த்தார். நான் கையில் இருந்த தாளைப் பார்த்தேன். இங்கே ஒரு பொய்யைச் சொன்னால் எல்லாம் சுமுகமாக முடியும் என்று எனக்குத் தெரியும். வாயில் வரவும் வந்தது. அதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"இங்க எடுக்கலைப்பா. புதூர் ரோட்டுக் குடோன்ல, பருத்திக்கு நடுவுல வச்சு எடுத்தது. இந்த ரூம்ல ஒண்ணும் எடுக்க முடியாது. சுவரு பூரா கல்லு."

தாளாளர் முகம் கறுத்தது.

"அப்போ என்னை வச்சு விளையாண்டிருக்கீங்க. ரோட்டுல ஃபிளெக்ஸு வச்சிருக்கேன், தெரியுமா? குடோன்ல எடுத்த வேலைக்கு நான் பொறுப்பு இல்லை. காலேஜ் பேரைச் சொல்லி யாரும் எங்கயும் போகக்கூடாது. நல்லாக் கேட்டுக்கோங்க அண்ணாச்சி, நான் வாக்குக் குடுக்கலை."

அறையெங்கும் அது சுற்றியது. குடுக்கலை, குடுக்கலை என்று கல் திருப்பிச் சொன்னது. இந்த மனிதரின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்கத்தானே அவ்வளவு கேவலப்பட்டோம்.

அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

"சார், ரெண்டு வரிதான். முடிச்சிட்டுப் பேசலாம். யாரும் துணியைக் கீழ போட்ராதீங்க. மூச்சுச் சத்தம் வேணாம்."

ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை, எல்லாரும் அப்படியே நின்றார்கள். தாளாளர்கூட, கோபத்தில் மார்பு ஏறி இறங்க, வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டு பொன்னாடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் வாசித்தேன். அவள் கையைத் தூக்கினாள், மறுபடி வாசித்தேன். தலையை ஆட்டினாள். தாளாளர் துணியைத் தரையில் போட்டுவிட்டு வெளியே போனார், முதல்வரும் மற்றவர்களும் பின்னாலேயே ஓடினார்கள். போளிப் பொட்டலம் மிக்ஸர் மேலேயே கிடந்தது.

அவள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வெட்டினாள், ஒட்டினாள், கேட்டாள், மறுபடி வெட்டினாள். பொன்னாடைக்கு நடுவில் பதிவான காற்றும் பருத்திக் காற்றும் ஒன்றில்லை. இரண்டையும் ஒன்றாக்க அவள் என்னென்னவோ செய்தாள். அதில் பாதி நான் சொல்லிக்கொடுக்காதது. அனுப்பிவிட்டு மூன்று பேரும் என் மேஜையில் உட்கார்ந்திருந்தோம். கேன்டீனிலிருந்து டீ வந்து, ஆறி, அதைக் குடித்து முடிப்பதற்குள் ஃபோன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள். எந்த இரண்டு வாக்கியம் என்று தெரிந்து வைத்துக்கொண்டு கேட்டும் ஒட்டுத் தெரியவில்லை, எப்போது வந்து சேர முடியும் என்றது அந்தப் பக்கத்துக் குரல். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள் அவள்.

ஃபோனை வைத்ததும் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"காலேஜ் பொறுப்பு இல்லைன்னுட்டாவ. அப்போ இந்த வேலை யாரு மூலமா வருது சார்?"

நான் வாயைத் திறந்தேன். கம்பெனி நல்ல கம்பெனி, விசாரித்துவிட்டேன், எனக்கு அங்கே தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று என்னவோ அவிழ்த்துவிட இருந்தேன்.

"எம்மூலமா வருதுப்பா," என்றாள் அவள்.

அவர் மகளைப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டை நினைத்தாரோ, தான் ஓட்டிய ரோட்டை நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அப்போ யாருகிட்டயும் கேக்க வேண்டியதில்லையே," என்றார். "போன் போட்டு வாரேன்னு சொல்லு."

அவள் அந்த இடத்திலேயே போட்டாள். பிறகு இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள். அவர் என்னிடமும் ஒன்றும் கேட்கவில்லை.